பிடிவாதம் பிடிக்கும் மென்பொருள்

வீட்டிலே கணினியொன்று வந்து சேர்ந்ததும் அதிலே முதன்முதலாக நாடப்படுவது எழுத்து வேலைக்கும் கணக்கு வேலைக்கும் உரிய அலுவலக மென்பொருளாகும். ஆசிரியர் தவணைப் பரீட்சை வினாத்தாள் தயாரிப்பதும், மாணவர் செயற்றிட்ட அறிக்கை எழுதுவதும், சனசமூக நிலையச் செயலாளர் கூட்டக் குறிப்பைப் பதிவதும், சிறு வியாபாரி வரவு செலவைக் கணக்கிடுவதும் அதன் துணைகொண்டேயாம். அத்தகைய மென்பொருளைக் கணினியில் நிறுவ முற்படும்போது அது சில வேளைகளில் இணங்க மறுக்கின்றது. பாதி வழி சென்று அசையாது நிற்கின்றது. அல்லது ஏதோ ஓர் இலக்கத்தைத் திரையிற் காட்டி விலகிக்கொள்கின்றது. அல்லது நிறுவப்பட்டது என்று கூறிவிட்டுத் திறக்க மறுக்கின்றது.

இந்நிலையில் நம்மவர் பெரும்பாலும் மூன்றில் ஒன்றைச் செய்கின்றனர். சிலர் அதே பொத்தானை மீண்டும் மீண்டும் அழுத்துகின்றனர். சிலர் கணினியைக் கடைக்குத் தூக்கிச் சென்று, உள்ளிருப்பன யாவற்றையும் அழித்துப் புதிதாக்கித் தருமாறு கேட்கின்றனர். வேறு சிலர், அயலவர் தரும் உரிமமற்ற பிரதியொன்றை ஏற்றிக்கொள்கின்றனர். முதலாவது வழியிற் பொழுது வீணாகும். இரண்டாவது வழியிற் பல ஆண்டு உழைப்பு ஒரு மணி நேரத்தில் அழிந்துபோகக் கூடும். மூன்றாவது வழியில் வீட்டுக் கதவையே திருடனுக்குத் திறந்துவிடுகின்றோம். இம்மூன்றும் வேண்டியதில்லை. ஒழுங்காக ஆராய்வோமாயின் இத்தகைய தடைகளுட் பெரும்பாலானவற்றை நாமே நீக்கிக்கொள்ளலாம். இன்று பரவலாகப் பயன்படும் மைக்ரோசொப்ட் ஒபிஸ் என்னும் தொகுதியையும், அது இயங்கும் விண்டோஸ் கணினியையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு அவ்வொழுங்கைச் சிறிது நோக்குவோம்.

முதற்கண், மென்பொருளை நிறுவுதல் என்பது யாது என அறிதல் வேண்டும். ஒரு புத்தகத்தை இராக்கையில் வைப்பது போல அதனைக் கணினியுள் வைத்துவிடுகின்றோம் எனப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் நிகழ்வது ஒரு குடும்பம் புதிய ஊரிலே குடியேறுவதைப் போன்றது. வீட்டுச் சாமான்களை இறக்கினால் மட்டும் போதாது. கிராம அலுவலரிடம் பதிய வேண்டும். வாக்காளர் இடாப்பிற் பெயர் சேர்க்க வேண்டும். கடிதம் வந்து சேர முகவரி அறிவிக்க வேண்டும். மென்பொருளும் அவ்வாறே தன் கோப்புகளை ஓரிடத்தில் வைக்கின்றது. விண்டோஸின் றெஜிஸ்ட்ரி எனப்படும் பதிவேட்டிலே பல நூறு குறிப்புகளை எழுதுகின்றது. பின்னணியில் இயங்கும் பணியாள் ஒருவரை அமர்த்துகின்றது. உரிமம் பற்றிய விவரத்தை வேறோரிடத்தில் வைக்கின்றது. இவற்றுள் ஒன்று தடைப்பட்டாலும் குடியேற்றம் முற்றுப்பெறாது. அதுபோலவே, பழைய மென்பொருளை நீக்கும்போது இவற்றுள் ஒன்று எஞ்சி நின்றாலும், முன்னைய குடியிருப்பாளர் இன்னும் வீட்டிலிருப்பதாகவே ஏடுகள் கூறும். புதியவர் வாயிலில் நிற்க வேண்டியதுதான்.

மைக்ரோசொப்ட் ஒபிஸ் 1988 ஆம் ஆண்டிலே அறிவிக்கப்பட்டது. அன்று தொட்டு அதனை நிறுவும் முறையே மாறி வந்துள்ளது. 1999 ஆம் ஆண்டு வெளியான ஒபிஸ் 2000 பதிப்புடன் விண்டோஸ் இன்ஸ்டோலர் என்னும் முறை வந்தது. பின்னர், இணையத்திலிருந்து சிறிது சிறிதாக இறக்கிக்கொண்டே நிறுவும் கிளிக் டு ரன் என்னும் முறை தோன்றி, ஒபிஸ் 2019 பதிப்பு முதல் விண்டோஸ் கணினிகளுக்கு அம்முறை ஒன்றே உரியதாயிற்று. இதற்கு மேலும் ஒரு பிரிவுண்டு. ஒபிஸ் தொகுதி 32 பிற், 64 பிற் என இருவகையாக வருகின்றது. ஒரே கணினியில் ஒருவகை ஒபிஸ் இருக்கும்போது மற்றையது நுழைய மாட்டாது. இவ்வேறுபாடுகளை அறியாதார் கணினியை நோவர்; அறிந்தாரோ, உள்ளே முன்பு யார் குடியிருந்தார் என்று கேட்பர். அக்கேள்வியே இன்றைய பேச்சின் சாரம்.

கேள்விக்கு விடை தேடுமுன் காவல் வேண்டும். எதனையும் நீக்கத் தொடங்குமுன் உங்கள் ஆவணங்கள், படங்கள், கணக்கேடுகள் யாவற்றையும் வெளிச்சேமிப்பகம் ஒன்றிலே பிரதி செய்துகொள்ளுங்கள். ஒபிஸை நீக்கினால் ஆவணங்கள் அழிவதில்லை என்பது உண்மையே. ஆயினும் பதற்றத்திலே ஒருவர் எதனை அழிப்பார் என்று சொல்ல முடியாது. அவுட்லுக் என்னும் செயலியிலே மின்னஞ்சலைச் சேமித்து வைத்திருப்போர் அதன் கோப்பையும் மறவாது பிரதி செய்தல் வேண்டும். மென்பொருளை வாங்கியபோது பயன்படுத்திய மின்னஞ்சல் முகவரியையும், 25 எழுத்துகளும் இலக்கங்களும் கொண்ட உரிமச் சாவி இருப்பின் அதனையும் ஒரு கொப்பியிலே பேனாவால் எழுதி வையுங்கள். கணினி பழுதுற்ற வேளையிற் கணினிக்குள் இருக்கும் குறிப்பு உதவாது.

அடுத்து, கணினி கூறுவதைச் செவிமடுக்க வேண்டும். திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரம், நோயையும் அதன் காரணத்தையும் அறிந்த பின்னரே சிகிச்சையில் இறங்குமாறு மருத்துவனுக்கு விதிக்கின்றது. நாமோ திரையிலே பிழைச் செய்தி தோன்றியவுடன் அதனை வாசியாமலே மூடிவிடுகின்றோம். அச்செய்தியில் வரும் இலக்கம் நமக்குக் கிடைத்த முதற் சாட்சியாகும். விண்டோஸ் இன்ஸ்டோலர் 1618 என்று கூறினால், வேறொரு நிறுவல் இப்பொழுது நடந்துகொண்டிருக்கின்றது. அது முடியும்வரை காத்திரு என்பது பொருள். 3010 என்றால், வேலை முடிந்தது. கணினியை ஒருமுறை மீளத் தொடக்கு என்பது பொருள். 1603 என்பது பொதுவான தோல்வியைக் குறிக்கும். காரணத்தைப் பிறிதோரிடத்தில் தேட வேண்டும். கிளிக் டு ரன் முறைக்கு வேறு இலக்கங்கள் உள்ளன. எந்த இலக்கமாயினும் அதனையும், அதனோடு வந்த வாக்கியத்தையும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அதனைக் கொண்டு நிறுவனத்தின் ஆதரவுப் பக்கத்திலே தேடினால், ஊகத்துக்கு இடமின்றிப் பெரும்பாலும் நேரடியான விளக்கம் கிடைக்கும்.

இனி, எளிய சோதனைகள் சில. கணினியை மீளத் தொடக்குங்கள். இங்கே ஒரு நுட்பம் உண்டு. விண்டோஸ் 8 முதலாக வந்த பதிப்புகளில், ஷட் டவுன் என்பதை அழுத்திக் கணினியை அணைத்து மீண்டும் ஏற்றினால், விரைவாகத் தொடங்கும் பொருட்டு முந்தைய நிலையின் ஒரு பகுதியை அது சேமித்து வைத்திருக்கும். ரீஸ்டார்ட் என்பதை அழுத்தினால்தான் முற்றாகப் புதிதாகத் தொடங்கும். ஆதலின், அணைத்துப் பார்த்தேன், பயனில்லை என்று கூறுவோர் ரீஸ்டார்ட் செய்து பார்த்தல் நன்று. அடுத்து, நேரத்தையும் திகதியையும் பாருங்கள். பழைய கணினிகளில் உள்ளே இருக்கும் சிறு மின்கலம் வலுவிழந்தால் திகதி பல ஆண்டு பின்னே சென்றுவிடும். திகதி பிழைத்தால் இணையத்தின் பாதுகாப்பான தொடர்பும், உரிமத்தைச் சரிபார்ப்பதும் தடைப்படும். பின்னர் வன்தட்டிலே இடம் உண்டா எனப் பாருங்கள். இன்றைய ஒபிஸ் தொகுதிக்குக் குறைந்தது 4 கிகாபைற் வெற்றிடம் வேண்டும். இறக்கும்போது தற்காலிகக் கோப்புகளும் இடம் பிடிக்குமாதலால், அதன் இரு மடங்கு இருப்பது நலம். விண்டோஸ் தன் புதுப்பிப்புகளை அவ்வேளையில் இறக்கிக்கொண்டிருந்தால் அது முடியும்வரை பொறுத்திருங்கள்.

இவையாவும் சரியாயிருந்தும் மென்பொருள் இணங்கவில்லையா? அப்படியாயின், முன்பு யார் குடியிருந்தார் என்ற கேள்விக்கு இப்பொழுது வருவோம். செட்டிங்ஸ் பகுதியிலே அப்ஸ் என்னும் பிரிவைத் திறந்து, நிறுவப்பட்டிருக்கும் செயலிகளின் பட்டியலை மேலிருந்து கீழ்வரை நோக்குங்கள். புதிதாக வாங்கிய மடிக்கணினி என்றாலும், உற்பத்தியாளர் முன்கூட்டியே வைத்த ஒபிஸ் பரீட்சார்த்தப் பிரதி அங்கே இருக்கக் காணலாம். ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானியம் என ஒவ்வொரு மொழிக்கும் ஒவ்வொன்றாக அது பல வரிகளில் இருப்பதும் உண்டு. பழைய கணினியாயின், பல ஆண்டுகளுக்கு முன் யாரோ ஏற்றிய ஒபிஸ் 2007, அதனோடு தனியே வந்த விசியோ, புரொஜெக்ட் போன்ற துணைச் செயலிகள் ஆகியன எஞ்சியிருக்கும். இவையெல்லாம் அக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. வேண்டாதனவற்றை ஒவ்வொன்றாக அன்இன்ஸ்டோல் செய்து, முடிவில் கணினியை மீளத் தொடக்கி, அதன் பின்னரே புதியதை நிறுவ முயலுங்கள்.

சில வேளைகளிற் பட்டியலிலே ஒன்றும் இராது. ஆயினும் பழைய ஒபிஸ் உள்ளதென்றே நிறுவி சாதிக்கும். முன்பு நிறுவிக்கொண்டிருந்தபோது மின்சாரம் நின்றுபோயிருந்தால் இவ்வாறு நேர்வதுண்டு. 2022 ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டுகளை அனுபவித்த நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஏடுகளிற் பாதி எழுதப்பட்டு, மீதி எழுதப்படாமல் நின்றுவிடும். இதற்கென்றே மைக்ரோசொப்ட் நிறுவனம் முழுநீக்கக் கருவியொன்றைத் தன் ஆதரவுப் பக்கத்தின் வழியே இலவசமாகத் தருகின்றது. அதனை இயக்கி, அது கேட்கும்போது கணினியை மீளத் தொடக்கினால் எச்சங்கள் துடைக்கப்படும். இவ்விடத்திலே ஓர் எச்சரிக்கை. ஒபிஸ் இருக்கும் உறையைக் கையால் அழிப்பதும், றெஜிஸ்ட்ரி பதிவேட்டினுள் புகுந்து வரிகளை நீக்குவதும் வேண்டாம். முதலாவதைச் செய்தால் சாமான் போகும், பதிவு நிற்கும். சிக்கல் முன்னையிலும் பெரிதாகும். இரண்டாவதைச் செய்வோர் ஒரு வரி பிழைத்தால் விண்டோஸையே இழக்க நேரும்.

நிறுவல் பாதி வழியில் நின்றுபோவதற்குப் பிறிதொரு காரணம் இணையம். கிளிக் டு ரன் முறை தடையற்ற தொடர்பை எதிர்பார்க்கின்றது. கைத்தொலைபேசித் தொடர்பைப் பகிர்ந்து பயன்படுத்துவோரின் தரவுப் பொதி இடையிலே தீர்ந்துவிட்டால், திரையிலே அசைவு நின்றுவிடும், காரணம் கூறப்படாது. இத்தகையோர் தம் மைக்ரோசொப்ட் கணக்கினுட் சென்று, இணையமின்றி நிறுவுவதற்குரிய முழுக்கோப்பை இறக்கிக்கொள்ளலாம். நல்ல தொடர்புள்ள இடத்தில் அதனை இறக்கி, பென் டிரைவில் வீட்டுக்குக் கொண்டுவரலாம். அக்கோப்பு 4 கிகாபைற்றுக்கு மேற்பட்டிருப்பின், ஃபற் 32 என்னும் அமைப்பிலுள்ள பென் டிரைவ் இடம் இருந்தும் அதனை ஏற்காது. அதனை எக்ஸ்ஃபற் அமைப்புக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றும்போது உள்ளே இருப்பன அழியும் என்பதையும் நினைவிற் கொள்க.

அச்சுப்பொறிக்கு அனுப்பிய வேலையொன்று முடியாமல் வரிசையிற் கிடந்தாலும் ஒபிஸ் நிறுவல் நின்றுவிடக்கூடும் என்பது பலருக்கு வியப்பாயிருக்கும். அவ்வரிசையை நீக்கி, அச்சு வேலைகளை நடத்தும் பிரிண்ட் ஸ்பூலர் என்னும் சேவையைச் சிறிது நேரம் நிறுத்தி வைத்தால் வழி திறப்பதுண்டு. வேறு நிறுவனங்களின் வைரஸ் தடுப்பு மென்பொருள் இருப்பின் அதனையும் நிறுவி முடியும்வரை நிறுத்தி வைக்கலாம். நிறுவி முடிந்தவுடன் மீண்டும் இயக்க மறத்தலாகாது. நூற்றுக்குத் தொண்ணூறு என்று காட்டி நிற்குமாயின், மெதுவான கணினிகளில் அது தோல்வியாகாது. ஒரு மணி நேரமாயினும் பொறுத்திருந்து பார்த்த பின்னரே கைவிட வேண்டும்.

நேயர்களே, இத்தனை வழிகளையும் கேட்டவுடன் எல்லாவற்றையும் ஒரே மூச்சிற் செய்துவிட வேண்டாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றிய பின் முயலுங்கள், விளைவைக் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து மருந்தை ஒருங்கே குடித்து நோய் தீர்ந்தவன், எது தீர்த்தது என்று அறியான். மறுமுறை நோய் வந்தால் ஐந்தையும் குடிப்பான். ஒவ்வொன்றாகச் செய்தவனோ தன் கணினியை அறிந்தவனாகின்றான். பிள்ளைகளை அருகிருத்தி அக்குறிப்பை எழுதச் செய்தால், விஞ்ஞான பாடத்திலே அவர்கள் கற்கும் பரிசோதனை நெறியை வீட்டிலேயே கண்ணாற் காண்பர்.

நிறுவப்பட்டும் திறக்க மறுக்கும் வகை ஒன்றுண்டு. செட்டிங்ஸ் பகுதியின் அதே பட்டியலில் ஒபிஸைத் தெரிந்து, மொடிஃபை என்பதை அழுத்தினால் இருவகைத் திருத்தம் தோன்றும். குயிக் ரிப்பேர் என்பது விரைவானது, இணையம் வேண்டாதது. ஒன்லைன் ரிப்பேர் என்பது ஏறக்குறைய மீள நிறுவுவதற்கு ஒப்பானது. அதற்கு இணையம் வேண்டும். முன்னையது பயன்படாதபோது பின்னையதை நாடுக. திறந்தும் உரிமம் இல்லை என்று கூறுமாயின், வேறு மின்னஞ்சற் கணக்கால் உள்நுழைந்திருக்கின்றோமா எனப் பார்க்க வேண்டும். வீட்டுப் பதிப்பின் உரிமச் சாவியை முதன்முறை பயன்படுத்தும்போதே அது ஒரு கணக்குடன் பிணைக்கப்படுகின்றது. தந்தையின் கணக்கில் வாங்கியதை மகளின் கணக்கில் தேடினால் எவ்வாறு கிடைக்கும்?

முயற்சி எவ்வளவு செய்தும் பயன்தராத நிலையும் உண்டு, அது முதுமை. 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவும், ஒபிஸ் 2016, ஒபிஸ் 2019 ஆகியவற்றுக்கான ஆதரவும் முடிவடைந்தன. அவை அன்றோடு நின்றுவிடவில்லை. ஆயினும் புதிய பாதுகாப்புத் திருத்தங்கள் வழமைபோல் வருவதில்லை. பத்தாண்டுக்கு மேற்பட்ட கணினியொன்று புதிய தொகுதியைத் தாங்காதெனக் கண்டால், அதனோடு போராடுவதிலும் வேறு வழி நாடுதலே அறிவுடைமை.

அவ்வேறு வழி எதுவாக இருக்க வேண்டும் என்பதிலேதான் நாம் விழிப்பாயிருத்தல் வேண்டும். உரிமம் இன்றியே ஒபிஸைத் திறந்து தரும் சிறு கருவிகள் நம் நாட்டிலே கைக்குக் கை மாறுகின்றன. நமது 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி மென்பொருளையும் நூல் போன்ற ஆக்கமாகக் கருதிக் காக்கின்றது. சட்டம் ஒருபுறமிருக்க, அக்கருவியை இயக்குமுன் வைரஸ் தடுப்பை நிறுத்துமாறு கேட்கப்படுகின்றோம். காவலாளியை உறங்க வைத்துவிட்டு முன்பின் அறியாதவரை உள்ளே விடுவதற்கும் இதற்கும் என்ன வேற்றுமை? கே.எம்.எஸ். பைக்கோ என்னும் அத்தகைய கருவியின் பெயராற் பரப்பப்பட்ட நிறுவியினுள், கடவுச்சொற்களைத் திருடும் கிறிப்ற்பொட் என்னும் தீநிரல் ஒளிந்திருந்ததை 2021 டிசெம்பரில் றெட் கனறி என்னும் பாதுகாப்பு நிறுவனம் வெளிப்படுத்தியது. வங்கிக் கணக்கையும் குடும்பத்தின் படங்களையும் வைத்திருக்கும் கணினியில், ஒரு கடிதம் எழுதுவதற்காக இவ்வபாயத்தை ஏற்கலாமா? அன்றியும், அத்தகைய கருவி விட்டுச்செல்லும் மாற்றங்களே பின்னாளில் உரிமமுள்ள ஒபிஸை நுழையவிடாது தடுக்கும் எச்சங்களாகின்றன.

பொருள் வசதி குறைந்தோர்க்கு நேர்மையான வழிகள் உள்ளன. லிப்ரே ஒபிஸ் என்னும் தொகுதி 2010 ஆம் ஆண்டில் ஓபன் ஒபிஸிலிருந்து பிரிந்து தோன்றியது. எவரும் இலவசமாக இறக்கி எத்தனை கணினியிலும் நிறுவலாம். வேர்ட், எக்செல் கோப்புகளை அது திறக்கும். சிக்கலான பக்க அமைப்பு மட்டும் சிறிது இடம் பெயரலாம். மைக்ரோசொப்ட் ஒபிஸ் இருக்கும் கணினியிலும் அது முரண்படாது வாழும். மைக்ரோசொப்ட் கணக்கு ஒன்றிருந்தால் வேர்ட், எக்செல் ஆகியவற்றின் இணையப் பதிப்புகளையும் உலாவியின் வழியே கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். அங்கே நிறுவுதல் என்ற பேச்சுக்கே இடமில்லை.

தமிழில் எழுதுவோர்க்குச் சிறப்பாக ஒன்று கூற வேண்டும். புதிய ஒபிஸ் நன்கு நிறுவப்பட்ட பின், பழைய தமிழ்க் கடிதத்தைத் திறந்தால் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாகத் தோன்றுவதுண்டு. நிறுவல் கெட்டுவிட்டது என்று அஞ்சி மீண்டும் எல்லாவற்றையும் நீக்குவோர் உளர். அங்கே கெட்டது ஒன்றுமில்லை. நம் நாட்டு அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் நெடுங்காலம் வழங்கிய பாமினி எழுத்துரு, ஆங்கில எழுத்துகளின் இடத்திலே தமிழ் வடிவங்களை வைத்து அமைக்கப்பட்டது. கணினியைப் புதிதாக்கியபோது அவ்வெழுத்துரு போய்விட்டது; அதனை மீண்டும் ஏற்றினால் கடிதம் முன்போலத் தோன்றும். எனினும், இனி எழுதுவனவற்றை யூனிகோட் முறையில் எழுதுவதும், பழையனவற்றுட் காக்க வேண்டியவற்றை அம்முறைக்கு மாற்றுவதும் நம் பிள்ளைகளுக்குச் செய்யும் உதவியாகும். எழுத்துரு ஒன்றை நம்பி நிற்கும் ஆவணம், அவ்வெழுத்துருவோடு மறைந்துவிடும் தன்மையது.

ஆகவே, கணினியின் பிடிவாதம் என்று நாம் கூறுவது பெரும்பாலும் முன்பு நிகழ்ந்த ஏதோவொன்றின் எச்சமே. இயந்திரத்துக்கு நம்மீது பகையில்லை. தன் ஏடுகளில் எழுதப்பட்டிருப்பதை அது சொல்கின்றது; அவ்வளவே. ஆவணங்களைக் காத்துக்கொண்டு, அது கூறும் இலக்கத்தை வாசித்து, பழையதை முறையாக நீக்கி, ஒவ்வொன்றாக முயல்வோருக்கு அது இணங்கும். இணங்காதபோதும், கையிலே முறையான குறிப்புடன் கடைக்குச் செல்பவர், ஒன்றும் அறியாது செல்பவரினும் குறைந்த செலவோடும், தம் ஆவணங்கள் யாவற்றோடும் வீடு திரும்புவார்.